நாலு விரல் பிளே

நேர்ரோட்டில் போகும்போது ஸ்டியரிங் வீலை நாலு விரல் அகலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாலும் எங்கள் ஜீப் அதுபாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும். வீல் ஒன்று சொல்லும், டயர் ஒன்று செய்யும். இந்த வெற்று ஆட்டத்துக்குத்தான் பிளே என்று பெயர். அப்பா இதை ஒரு குறையாகவே நினைத்ததில்லை. "பழைய ஜீப்புன்னா பிளே இருக்கத்தான் செய்யும், கை பழகிட்டா தெரியாது" என்பார். அவருக்குக் கை பழகிவிட்டது. முப்பது வருஷமாக அந்த வீலைப் பிடித்திருக்கிறார், போடியிலிருந்து மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டுவதற்குள் இறங்கி வந்திருக்கிறார். நான் எப்போதாவது ஓட்டுகிறவன், எனக்குப் பழகவில்லை.

வண்டி 1974 மாடல் மஹிந்திரா சிஜே-3பி. பெட்ரோல் ஜீப்பாகப் பிறந்து நடுவில் யாரோ டீசல் இன்ஜின் ஏற்றி, அந்தக் கோலத்தில்தான் அப்பா கைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் ஜீப் என்பது ஆசைக்கு வைத்துக்கொள்ளும் வண்டி இல்லை. போடி, தேவாரம், கம்பம் என்று எந்த ஊரில் விடியற்காலை நின்று பார்த்தாலும் தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கேரள எல்லையைப் பார்த்து ஏறிக்கொண்டிருக்கும். அதனால் இங்கே ஜீப் வைத்தியம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் பொறுமைக்குத்தான். ஸ்டியரிங் பிளே என்று போய் நின்றால், ஸ்டியரிங் பாக்ஸின், அதாவது வீலின் திருப்பத்தைச் சக்கரத்தின் பக்கம் கடத்தும் பெட்டியின், பக்கவாட்டில் இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்குரூவை ஒரு கால் சுற்று உள்ளே திருகி, லாக் நட்டை இறுக்கி, "இப்ப ஓட்டிப் பாருங்க" என்பார்கள். ஓட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாசத்துக்கு.

போன மழைக்காலத்தில் பூப்பாறையிலிருந்து திரும்பும்போது போடிமெட்டுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பினேன். வளைவு முடிந்ததும் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் வீல் தானாகச் சுழன்று நேருக்கு வர வேண்டும் இல்லையா, வரவில்லை. திருப்பிய இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றது. நானே இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பினேன், திரும்பியதும் நேரில் மறுபடியும் அதே நாலு விரல் ஆட்டம். அதாவது திருப்பும்போது இறுக்கம், நேராகப் போகும்போது தளர்ச்சி. இரண்டும் ஒரே பாக்ஸில் எப்படி இருக்க முடியும் என்பதுதான் என்னை வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் படுக்க வைத்தது.

பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் யாரும் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது என் அபிப்பிராயம். மாப்பிள்ளையை, அதாவது என் வீட்டுக்காரியின் தம்பியை, டிரைவர் சீட்டில் உட்காரவைத்து வீலை மெல்ல இடமும் வலமும் ஆட்டச் சொன்னேன். இன்ஜின் ஓடக்கூடாது, நாலு டயரும் தரையில் இருக்க வேண்டும். நான் கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பார்த்தேன். முதலில் பாக்ஸிலிருந்து கீழே தொங்கும் டிராப் ஆர்ம். மேலே வீல் இரண்டு விரல் அளவு நகர்ந்த பிறகுதான் டிராப் ஆர்ம் அசையவே ஆரம்பித்தது. ஆக, பாக்ஸுக்குள் போனது இரண்டு விரல். அடுத்து டிராக் லிங்க், அதாவது டிராப் ஆர்மிலிருந்து முன்னால் போகும் ராடு: டிராப் ஆர்மின் பந்துமுனை அசைந்தும் ராடு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அதற்கடுத்து பெல் கிராங்க். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பழைய ஜீப்பில் ஸ்டியரிங் பாக்ஸ் நேரடியாகச் சக்கரத்தைத் திருப்பாது. டிராக் லிங்க் போய் முன்பக்கம் நடுவில் ஒரு முளையில் சுழலும் பெல் கிராங்கைத் தள்ளும், அதிலிருந்து டை ராடுகள் சக்கரத்துக்குப் போகும். அந்த முளை ஜீப்பின் பழைய வியாதி. எங்கள் வண்டியில் அது மேலும் கீழும் தலையாட்டியது. மீதி இரண்டு விரல் அங்கேயும் டிராக் லிங்கிலுமாகப் பங்கு பிரிந்திருந்தது.

இன்னொன்றையும் பார்த்தேன். டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் போவதற்கு முன்னால், அது மாட்டியிருக்கும் ஷாஃப்ட்டே மேலும் கீழும் ஒரு நெல்மணி அளவு குதித்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெயும் மண்ணும் கலந்த களி. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கழற்றுவதற்குள் பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம். இது ராஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வடிவமைப்பு, இண்டியானா மாநிலத்து லஃபாயெட் ஊர்க்காரர்கள். இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் இருந்த அதே சாதி பாக்ஸ்தான் 1949இல் மஹிந்திரா பம்பாயில் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்தபோது கூடவே வந்து, பல வருஷம் இங்கேயே தங்கிவிட்டது. உள்ளே இருப்பது ரொம்ப எளிமை. ஸ்டியரிங் வீலிலிருந்து இறங்கும் நீளக் குழாயின் அடிமுனையில் திருகு மரை மாதிரி பள்ளம் வெட்டிய ஓர் உருளை. புத்தகத்தில் இதற்குப் பெயர் கேம், பட்டறையில் வார்ம். அதற்குக் குறுக்கே ஒரு ஷாஃப்ட், அதன் தலையில் ஒரு தகட்டுக் கை, அந்தக் கையில் கூம்பு முனையுள்ள இரண்டு பின்கள். பின்கள் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். வீலைத் திருப்பினால் பள்ளம் சுழலும், பின்கள் பள்ளத்தோடு நகரும், ஷாஃப்ட் திரும்பும், டிராப் ஆர்ம் அசையும். பல்சக்கரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. நேராகப் போகும்போது இரண்டு பின்னும் பள்ளத்தில் இருக்கும். முழுக்க ஒடிக்கும்போது ஒரு பின் பள்ளத்தை விட்டு வெளியே போய்விடும், மிச்சமுள்ள ஒன்றுதான் மொத்தப் பாரத்தையும் தாங்கும். பழைய மேனுவலில் விகிதத்தை 14-12-14 என்று போட்டிருப்பார்கள். நடுவில் 12 சுற்றுக்கு ஒன்று, இரண்டு ஓரத்திலும் 14க்கு ஒன்று. ஒடிக்க ஒடிக்கக் கைக்குச் சுமை குறைகிற மாதிரி அந்தப் பள்ளத்தை வெட்டியிருக்கிறார்கள்.

என் கேள்விக்கு விடையும் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது. பள்ளத்தின் நடுப்பகுதி, அதாவது வண்டி நேராகப் போகும்போது பின்கள் உட்காரும் இடம், மற்ற இடங்களைவிட வேண்டுமென்றே ஆழம் குறைவாக வெட்டப்பட்டது. வண்டி பெரும்பாலும் நேராகத்தான் போகும், தேய்மானம் அங்கேதான் அதிகம் வரும். தேய்ந்ததும் ஸ்குரூவை உள்ளே திருகிப் பின்களை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்ளலாம், ஓரங்களில் ஆழம் மிச்சம் இருப்பதால் அங்கே பிடிக்காது. செய்தவன் நம் மேல் கருணையோடு வைத்துவிட்டுப் போன சேமிப்புக் கணக்கு அது. நாம் என்ன செய்தோம், முப்பது நாற்பது வருஷமாக ஆறு மாசத்துக்கொரு தடவை அதிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தோம். கணக்கு தீர்ந்து நடுப்பகுதி ஓரத்தைவிட ஆழமாகப் போன பிறகும் ஸ்குரூவை முறுக்கினோம். அப்புறம் ஓரத்தில் பிடிக்காமல் என்ன செய்யும்?

கழற்றும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டியரிங் வீலை உருவி, வலதுபக்க மட்கார்டைக் கழற்றி, டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்டியரிங் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பை எடுத்து, சேஸிஸில் பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு வந்தால், அதில் ஒன்று ஸ்பேனரே இல்லாமல் கையால் கழன்றது. இதையும் நான் பிளே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். பாக்ஸே சேஸிஸில் ஆடினால் உள்ளே எதைச் சரிசெய்து என்ன பயன். போல்ட்டு ஓட்டைகளைச் சுற்றித் துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, விரிசல் ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்லவேளை, இல்லை.

கஷ்டம் கொடுத்தது டிராப் ஆர்ம். கூம்பான பல்வரியில் அத்தனை வருஷம் இறுகி உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஷாஃப்ட் நுனியில ரெண்டு போடு போட்டா வந்துரும் மச்சான்." வரும்தான். ஆனால் அந்த அடி நேராக உள்ளே போய்ப் பின்களிலும் பள்ளத்திலும்தான் விழும். நான் விடவில்லை. முதலில் ஆர்மிலும் ஷாஃப்ட்டிலும் சேர்ந்தாற்போல ஒரு சென்டர் பஞ்ச் குறி வைத்தேன், திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் வண்டி ஒரு பக்கம் முழுக்க ஒடியும், மறுபக்கம் பாதிதான் ஒடியும். அப்புறம் பக்கத்துத் தெருப் பட்டறையில் புல்லர், அதாவது இழுத்துக் கழற்றும் கருவி, கடன் வாங்கி மாட்டி, இறுக்கி, அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். சோற்றில் கை வைத்த நேரத்தில் வாசலில் "டொக்" என்று ஒரு சத்தம், துப்பாக்கி மாதிரி. அம்மா பயந்துவிட்டார். ஆர்ம் கீழே கிடந்தது.

பாக்ஸும் நீளக் குழாயும் ஒன்றாகத்தான் வெளியே வரும், முருங்கைக்காய் நுனியில் பூசணி காய்த்த மாதிரி. திண்ணையில் பழைய போர்வை விரித்துப் படுக்கப்போட்டோம். பக்க மூடியைக் கழற்றியதும் எண்ணெய் ஒழுகும் என்று கீழே ஏனம் வைத்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை. உள்ளே முழுக்கக் கிரீஸ், அதுவும் காய்ந்து பழுப்பேறிக் கருப்பட்டிப் பாகு ஆறியது போல. ஸ்குரூ டிரைவரால் நோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், பெட்டி நிறையக் கிரீஸ் இருந்தும் பின் ஓடும் பள்ளத்தில் மட்டும் எதுவும் இல்லை. பின் போகிற வழியில் கிரீஸை ஒதுக்கித் தள்ளிவிடும், தள்ளிய கிரீஸ் திரும்பி வராது, எண்ணெய் என்றால் வழிந்து வந்துவிடும். அதனால்தான் இந்தப் பாக்ஸுக்கு கியர் ஆயில் ஊற்றச் சொல்கிறார்கள். பள்ளத்தின் நடுப்பகுதி பளபளவென்று தேய்ந்த படிக்கட்டு மாதிரி இருந்தது. பின்களில் ஒன்று பரவாயில்லை. இன்னொன்றின் கூம்பு ஒரு பக்கம் தட்டையாகிச் சீவிய பென்சில் போல ஆகியிருந்தது.

குழாயையும் வார்மையும் மேல்பக்கமாக உருவும்போதுதான் அசம்பாவிதம். வார்மின் மேலும் கீழும் பேரிங் இருக்கிறது, இப்போதைய வண்டிகளில் வருவது போலக் கூண்டில் அடைத்த பேரிங் இல்லை, தனித்தனி எஃகுக் குண்டுகள். மேனுவலில் படித்தும் இருந்தேன். படித்தது வேறு, கையில் வழுக்குவது வேறு. உருவிய வேகத்தில் குண்டுகள் சிதறி, திண்ணையிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து சாக்கடைப் பக்கமாக. நானும் மாப்பிள்ளையும் தவழ்ந்துகொண்டிருந்தபோது அம்மா ஒன்றும் சொல்லாமல் முறத்தை எடுத்து வந்து, வாசல் மண்ணை வாரிப்போட்டு, அரிசியில் கல் பொறுக்குவது போலத் தட்டிப் புடைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டார். மேல் பேரிங்குக்கும் கீழ் பேரிங்குக்கும் எண்ணிக்கை சமமாக வர வேண்டும், ஒன்று குறைந்தது. அது இன்றுவரை கிடைக்கவில்லை. எப்படியும் எல்லாவற்றையும் புதிதாகத்தான் போடப்போகிறேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

அன்று ராத்திரி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. டிராப் ஆர்ம் ஷாஃப்ட்டை அதன் துளையில் விட்டு ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. துளைக்குள் ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. காலையில் கீழே படுத்தபோது நெல்மணி அளவு குதித்தது இதுதான். புஷ் தேய்ந்ததால் ஷாஃப்ட் ஆடியது. ஆடும் ஷாஃப்ட்டில் எந்த ஆயில் சீலும் நிற்காது, ஒழுக ஆரம்பித்தது. ஒழுகுகிறதே என்று யாரோ ஒரு புண்ணியவான் எண்ணெய்க்குப் பதிலாகக் கிரீஸை அடைத்தான். கிரீஸ் பள்ளத்தை விட்டு ஒதுங்கியது, பின்கள் காய்ந்து ஓடித் தேய்ந்தன, பிளே வந்தது. பிளே வந்ததும் ஸ்குரூ. இத்தனை வருஷமாக எல்லோரும் கடைசிக் கண்ணியில் நின்றுகொண்டு முறுக்கிக்கொண்டிருந்தோம், முதல் கண்ணி ஒரு பித்தளை நிற வளையம்.

உதிரி பாகம் கிடைக்குமா என்று பலர் கேட்டார்கள். ஜீப்புக்கு அந்தக் கவலை இல்லை. உலகத்தில் எங்கெங்கோ பழைய வில்லிஸ் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருப்பவர்களுக்கே இந்தியாவிலிருந்துதான் சாமான் போகிறது. கவலை தரத்தில்தான். முதலில் ஒரு ஊரில் ஒரு கடையில் (ஊரும் வேண்டாம் கடையும் வேண்டாம்) பின்களோடு சேர்ந்த புது ஷாஃப்ட் வாங்கினேன். பெட்டி பளபளப்பு, ஷாஃப்ட்டும் பளபளப்பு. வீட்டுக்கு வந்து பின் நுனியில் ஓர் ஓரமாக அரத்தை வைத்து இழுத்தேன். நல்ல கடினமேற்றிய எஃகாக இருந்தால் அரம் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கும். இது கடித்தது. துருவல் விழுந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால் "அரம் போட்டுட்டீங்களே சார், இனி எப்படி எடுக்கிறது" என்றார். அதுவும் நியாயம்தான், என்ன சொல்ல. இரண்டாவது ஷாஃப்ட் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நண்பன் மூலமாகக் கிடைத்தது. பழைய சரக்கு, மேலே உறைந்த எண்ணெயும் தூசியும், அரம் வழுக்கியது. வார்மை மாற்றவில்லை. இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை என்று சொல்வார்கள், சரிதான். ஆனால் பள்ளத்தின் சுவரில் குழி விழவில்லை, செதில் உதிரவில்லை, தேய்மானம் மட்டும்தான். நல்ல பின்னோடு எவ்வளவு பிளே மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று விட்டேன்.

புஷ்ஷுக்கு லேத் பட்டறை. தேனியில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் இருக்கிறார், வயது அறுபதைத் தாண்டியவர், வெர்னியரைக் கண்ணாடி இல்லாமல் படிப்பார். கன் மெட்டலில் இரண்டு புஷ் கடைந்து, அழுத்தி ஏற்றிவிட்டு ஷாஃப்ட்டை நுழைத்தால் முதல் புஷ்ஷில் போனது இரண்டாவதில் போகவில்லை. எனக்கு பகீரென்றது. அவர் சிரித்தார். "ஏத்துறப்ப புஷ் சுருங்கும் தம்பி. அதுக்குத்தான் ரெண்டு தௌ விட்டு வச்சிருக்கேன்." அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பட்டறையில் தௌ என்று பெயர். அப்புறம் துளையைச் சீவும் நீளமான ரீமரை இரண்டு புஷ்ஷுக்குள்ளும் ஒரே நேரத்தில் செல்லும்படி விட்டு, கையாலேயே, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி, எடுத்து ஊதி, துடைத்து, மறுபடி திருப்பி... ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தனித்தனியாகச் சீவினால் இரண்டு துளையும் ஒரே நேரில் வராது என்பதற்காக அந்த நீள ரீமர். கடைசியில் பாக்ஸைச் செங்குத்தாக நிறுத்தி, ஷாஃப்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி நுழைத்துக் கையை எடுத்தார். ஷாஃப்ட் விழவும் இல்லை, நிற்கவும் இல்லை. பெருமூச்சு விடுவது போல மெதுவாகத் தானே இறங்கி உட்கார்ந்தது. அந்த இறக்கத்தைப் பார்க்க மட்டும் நான் நாலு தடவை தூக்கித் தூக்கி விட்டேன். கூலி 1,200 ரூபாய். இந்த மொத்த வேலையிலும் மனசார எடுத்துக் கொடுத்த பணம் அதுதான்.

பூட்டுவதில் ஓர் ஒழுங்கு உண்டு, அதை மாற்றினால் எல்லாம் வீண். முதலில் வார்மின் பேரிங் இறுக்கம், அப்புறம்தான் பின்களின் இறுக்கம். பேரிங்குக் குண்டுகளைக் கிரீஸில் ஒட்டவைத்துக் (இங்கே கிரீஸ் நல்லது, குண்டு விழாமல் பிடித்துக்கொள்ளும்) குழாயை இறக்கினேன். மேல் மூடிக்கும் பாக்ஸுக்கும் நடுவில் மெல்லிய ஷிம் தகடுகள் வரும். தகடு கூடினால் பேரிங் தளரும், குறைந்தால் இறுகும். பழைய ஷிம்களை எடுத்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். மேனுவலில் இதற்குச் சொல்லியிருக்கும் அளவு எனக்கு ரொம்பப் பிடித்தது: ஸ்டியரிங் வீலின் விளிம்பைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து லேசாகப் பிடித்துத் திருப்பினால் லேசான உரசலோடு, ஆனால் தாராளமாகத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். பெரிய மீட்டர் ஒன்றும் வேண்டாம். ஒரு தகடு எடுத்தால் கல் மாதிரி ஆகிறது, திரும்பப் போட்டால் மேலும் கீழும் துளி ஆடுகிறது. கடைசியில் இருப்பதிலேயே மெல்லிய தகட்டைப் போட்டதும் சரியாக வந்தது. இதற்கே ஒரு மாலைப்பொழுது போய்விட்டது.

அப்புறம் பின்கள். வீலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகத் திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்தால் அதுதான் நடு. குழாயில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன். ஸ்குரூவை நடுவில் வைத்துத்தான் இறுக்க வேண்டும், ஓரத்தில் வைத்து இறுக்கவே கூடாது. நடுவைக் கடக்கும்போது மட்டும் ஒரு சின்னப் பிடிப்பு, தூக்கத்தில் இருப்பவரைத் தாண்டிப் போகும்போது கால் படுகிற மாதிரி, விரலில் தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் விடுதலையாக ஓட வேண்டும். எனக்கு நடுவில் அந்தப் பிடிப்பு வந்தது, ஆனால் புத்தகத்தில் சொல்வது போலத் தெளிவாக இல்லை. வார்மில் தேய்ந்தது தேய்ந்ததுதான். அதற்குமேல் முறுக்காமல் நிறுத்திக்கொண்டேன். பழைய கை என்றால் இன்னொரு கால் சுற்று போட்டிருக்கும்.

வண்டியில் ஏற்றுவது இறக்கியதைவிடச் சீக்கிரம் முடிந்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பாக்ஸை சேஸிஸில் இறுக்கும்போது டேஷ்போர்டு கிளாம்பைத் தளர்வாக விட்டுவிட வேண்டும், பாக்ஸ் உட்கார்ந்த பிறகு குழாய் தானாக எங்கே நிற்கிறதோ அங்கேதான் கிளாம்பைப் பிடிக்க வேண்டும். கிளாம்பை முதலில் முறுக்கிக் குழாயை இழுத்துப் பிடித்தால் குழாய் வளைந்து நிற்கும், அந்தப் பிடிப்பைப் பாக்ஸின் பிடிப்பு என்று நினைத்து ஏமாறுவோம். பஞ்ச் குறி பார்த்து டிராப் ஆர்ம், புது ஸ்பிளிட் பின்கள், தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில் ஊசிமருந்துக் குழாயில் உறிஞ்சி உறிஞ்சி ஊற்றியது, எல்லாம் முடித்து ஸ்டியரிங் வீலை மாட்டி நட்டையும் இறுக்கிவிட்டு, டீ குடிக்கத் திண்ணைக்குத் திரும்பினால் போர்வை மேல் ஹாரன் வயர்.

ஜீப்பில் ஹாரன் வயர் அந்த நீளக் குழாய்க்குள்ளே ஓடித்தான் நடுப் பட்டனுக்கு வரும். மலைரோட்டில் பிரேக் இல்லாமல்கூடக் கொஞ்ச தூரம் போய்விடலாம், ஹாரன் இல்லாமல் ஒரு வளைவுகூடத் திரும்ப முடியாது. மறுபடி எல்லாவற்றையும் இறக்குவதா என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அப்பா சைக்கிளின் பழைய பிரேக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தார். வீலை மட்டும் திரும்ப உருவி, கம்பியைக் குழாய்க்குள் விட்டு, நுனியில் வயரைக் கட்டி இழுத்தோம். மூன்றாவது தடவையில் வந்தது. இந்த ஒரு வாரமும் அவர் வண்டிப் பக்கம் வராமல் பேப்பர் படித்துக்கொண்டே எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

பெல் கிராங்குக்குப் புது புஷ்ஷும் முளையும், டிராக் லிங்குக்குப் புதுக் கிண்ணங்களும் ஸ்பிரிங்கும் அடுத்த வாரம் போட்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை, அரை நாள் வேலை. பாக்ஸை மட்டும் செய்துவிட்டு அதை விட்டிருந்தால் பாதி பிளே அப்படியே இருந்திருக்கும், நானும் பாக்ஸைத் திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

இப்போது வீலில் ஒரு விரலுக்கும் கொஞ்சம் குறைவாக ஆட்டம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முந்தல் செக்போஸ்ட் தாண்டும்வரை வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது, எங்கேயோ தப்பு பண்ணிவிட்டேன் என்று. அப்புறம்தான் கவனித்தேன். அவர் கை பழைய பழக்கத்தில் நாலு விரல் ஆட்டிக்கொண்டே இருந்தது, வண்டி இப்போது அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. நாலைந்து வளைவு போனதும் கை அடங்கியது. ஒரு கொண்டை ஊசியில் முழுக்க ஒடித்துவிட்டுப் பிடியை விட்டார். வீல் அவர் உள்ளங்கைக்குக் கீழே வழுக்கிக்கொண்டு ஓடி நேருக்கு வந்து நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹாரன்தான் முன்னைக்கு இப்பக் கொஞ்சம் கம்மியாக் கேக்குது" என்றார்.

டிராப் ஆர்முக்குக் கீழே ஓர் அட்டையை விரித்து வைத்திருக்கிறேன். முதல் பத்து நாள் சுத்தமாக இருந்தது. நேற்றுக் காலையில் பார்த்தால் மிளகு அளவுக்கு ஒரு எண்ணெய்ப் புள்ளி. அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன், பார்ப்போம்.